ஆயில் ஊற்றும் கம்ப்ரஸரா, ஊற்றாததா?

மேட்டூரில் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டுச் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் காற்று கம்ப்ரஸர் வாங்க நினைத்தால் கண்முன் முதலில் வருவது பஞ்சர் கடை வாசலில் நிற்கும் பெல்ட் வண்டிதான். ஆன்லைனில் தேடினாலோ ‘ஆயில் ஃப்ரீ’, ‘சைலண்ட்’ என்று வேறொரு ஜாதி வரிசை கட்டி நிற்கிறது. விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்தக் காற்று எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போர் போடப் போகும் ரிக் வண்டிகளில் இருப்பது ராட்சத ஸ்குரூ கம்ப்ரஸர். அதில் காற்றோடு எண்ணெயையும் சேர்த்தே அழுத்தி, பிறகு செபரேட்டரில் பிரித்தெடுக்கிறார்கள். குழிக்குள் பாறையை உடைக்கும் ஹேமருக்குக் காற்று வழியாகவே எண்ணெய் போக வேண்டும் என்பதால், அதற்கென்று தனியாகவும் ஊற்றுவார்கள். பல் மருத்துவமனையில் கதை தலைகீழ்: அங்கே காற்று நோயாளியின் வாய்க்குள் போகிறது, எண்ணெய் ஆகவே ஆகாது. வீட்டுப் பட்டறைக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார். போல்ட் கழற்றும் நியூமேட்டிக் கன்னுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் நல்லதுதான். பீரோவுக்கோ பைக் டேங்குக்கோ பெயிண்ட் அடிக்கும்போது அதே எண்ணெய் வந்தால், பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழும்.

பெல்ட் வண்டியின் அடிப்பெட்டியில் எண்ணெய் இருக்கும். கிராங்க் சுற்றும்போது அது தெறித்து பிஸ்டனையும் சிலிண்டரையும் நனைக்கும், சூட்டையும் இழுத்துக்கொள்ளும். மோட்டார் 1,440 சுற்று சுற்றினாலும், பெரிய புல்லி வழியாகத் தலைப்பகுதி ஏறத்தாழ அதில் பாதி வேகத்தில்தான் ஓடும். அதன் நீண்ட ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணம். ஆயில் ஃப்ரீயில் பிஸ்டன் மோட்டார் தண்டிலேயே நேராகப் பூட்டியிருக்கும். எண்ணெய்க்குப் பதில் டெஃப்லான் கலந்த ரிங். அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாக இந்த டெஃப்லானைக் கண்டுபிடித்தது 1938இல். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே சரக்குதான். வழவழப்பு அதன் குணம். ஆனால் அது தேயும். தேய்ந்தால் ஊற்றிச் சரிசெய்ய எதுவும் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. கோடையில் வெளியே 40 டிகிரி என்றால் ஷீட் கூரைக்கு அடியில் இன்னும் கூடும். எண்ணெய் இல்லாத தலைக்கு விசிறிக் காற்று மட்டுமே துணை. அந்த விசிறி இழுப்பதும் சூடான காற்று. விடாமல் ஓட்டினால் மோட்டாரின் ஓவர்லோடு விழும், ரிங் சீக்கிரம் போகும். பாதி நேரம் ஓட்டம், பாதி நேரம் ஓய்வு என்றால்தான் அது தாங்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு குதிரைத்திறன் வண்டி உண்மையில் தருவது நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் காற்று, அதாவது மூன்றரை சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). பெயிண்ட் கன் கேட்பதோ 140 லிட்டரிலிருந்து மேலே. பெரிய கதவு அடிக்கும்போது கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது. லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவு. கைக்கு வந்து சேரும் அளவான ‘எஃப்ஏடி’ என்ன என்று கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

அதனால் என் கட்சி இது: தினமும் ஓட்டுகிறவர், பெயிண்ட் வேலை அதிகம் உள்ளவர் பெல்ட் வண்டியை வாங்கி, லைனில் ஒரு நல்ல ஃபில்டர் போடட்டும். எண்ணெய் காற்றோடு வருவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த ரிங்கும், அளவுக்கு மீறி ஊற்றியதும்தான் காரணம். பைக் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் வால்வில் கரி பிடிக்கும். கம்ப்ரஸர் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். பாகங்களுக்கும் திண்டாட்டம் இல்லை. 1960இல் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாதம் இரண்டு முறை டயருக்குக் காற்று, தூசி ஊதல், ஆணி கன், பொம்மைக்கு ஏர்பிரஷ் என்று இருப்பவருக்கும், பக்கத்துச் சுவரில் கைக்குழந்தை உள்ள வீடு இருப்பவருக்கும் மெதுவாகச் சுற்றும் இரட்டை பிஸ்டன் ஆயில் ஃப்ரீயே சரி. மலிவான, வேகமாகச் சுற்றும் ஆயில் ஃப்ரீயை மட்டும் தொடாதீர்கள். அதன் சத்தத்தில் தெருவே எழுந்து வரும்.

ஆயில் ஃப்ரீ என்றால் காற்று சுத்தம் என்று நம்புவதும் தவறு. தண்ணீர் இரண்டிலும் வரும். 30 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றை ஏழு கிலோ அழுத்தத்துக்கு ஏற்றி, ஆற விட்டால் சுமார் 14 மில்லி தண்ணீர் டேங்கில் இறங்கும். அடியில் உள்ள டிரெய்ன் வால்வைத் தினமும் திறக்காவிட்டால் டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். அனல் மின் நிலையச் சாம்பல் பறக்கும் பக்கம் குடியிருந்தால் காற்று இழுக்கும் ஃபில்டரையும் அடிக்கடி தட்டி ஊதுங்கள். டெஃப்லான் ரிங்குக்கு அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் தலையைப் பார்த்து மயங்குகிறார்கள். தலையை மாற்றலாம். டிரெய்ன் வால்வைத் திறந்து பாருங்கள்: சிவப்பாகத் துருத்தண்ணீர் கொட்டினால், ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) செய்யாமல் அந்த டேங்கில் காற்று ஏற்றக் கூடாது. புது ஆயில் ஃப்ரீ வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு ரிங் செட் சேலத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.