உங்களுக்குத் தெரியுமா? பிஞ்சு வயிறும் முதல் சோறும்

● சாப்பாட்டுக்கும் குடல் நோய்க்கும் உள்ள தொடர்பை இந்தியாவில் முதலில் ஆராய்ந்த இடங்களில் குன்னூரும் ஒன்று. 1918-ல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சத்தில்லாத உணவு கொடுத்த குரங்குகளுக்குக் குடல் அழன்று கழிச்சல் வந்ததைப் பதிவு செய்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

● மெக்காரிசன் பார்த்தது, உணவில் சத்து இல்லாததால் வந்த கோளாறு. உணவில் இருக்கும் புரதமே சில பச்சிளம் குழந்தைகளின் குடலுக்கு ஆகாமல் போவதும் உண்டு. இதில் கடுமையான வகையை மருத்துவர்கள் எஃப்.பி.ஐ.இ.எஸ். என்பார்கள்.

● இந்த நோய் கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் நேரம்தான். ஊட்டியவுடன் ஒன்றும் ஆகாது. ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கும், அடுத்தடுத்து எடுக்கும். சில குழந்தைகளுக்குப் பின்னர் வயிற்றுப்போக்கும் வரும். தோலில் தடிப்போ மூச்சிரைப்போ பெரும்பாலும் இருக்காது. காலையில் ஊட்டிய கூழை மதியத்து வாந்தியோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? பசும்பால், சோயா மட்டுமல்ல, அரிசியும் இதைத் தூண்டலாம். ஸ்பெயினில் மீன், ஜப்பானில் முட்டை மஞ்சள்கரு என்று ஊருக்கு ஊர் மாறும்.

● ஊட்டுபவர் ஒருவர், வாந்தியைப் பார்ப்பவர் இன்னொருவர் என்றால் இன்னும் சிக்கல். தேயிலைத் தோட்டங்களில் அப்படித்தான். 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அம்மா கொழுந்து பறிக்கப் போக, பிள்ளைக்கு ஊட்டுவது ஆயா. சாயங்காலம் வாந்தியைத் துடைப்பது அம்மா. இருவரும் பேசிக்கொண்டால்தான் காரணம் பிடிபடும். 'பத்து மணிக்கு அரிசிக் கஞ்சி, பன்னிரண்டரைக்கு வாந்தி' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தாலே போதும். ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் இந்த நோயில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. மருத்துவருக்கு அந்தச் சீட்டு பெரிய துணை.

● மலையில் இன்னொரு சிக்கல். குழந்தை வெளிறி, துவண்டு, உடம்பு சில்லிட்டுப் போனால் 'பனி பட்டுடுச்சு' என்று கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்துவிடுகிறோம். இந்த நோயிலும் உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கலாம். ரத்த அழுத்தமும் விழலாம். மாந்தம் என்று உரை மருந்து இழைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் நேரமில்லை இது.

● தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கீற்று தெரிகிறதா? பிள்ளை நன்றாகக் குடித்து எடை ஏறி வந்தால், அம்மா சாப்பிடும் பால் பொருள்களின் புரதம் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோரை நிறுத்திப் பார்க்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

● பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகாது. புரதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. லாக்டோஸ் சர்க்கரை, இங்கே தொல்லை கொடுப்பது புரதம்.

● பயந்துவிட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் எஃப்.பி.ஐ.இ.எஸ். தானே விலகிவிடும். ஆனால் ஒருமுறை ஒத்துக்கொள்ளாத உணவை 'இப்ப சரியாகியிருக்குமே' என்று வீட்டில் ஊட்டிப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவமனையில், மருத்துவர் கண்முன்னேதான் செய்ய வேண்டும்.

● பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துத் துவண்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நம் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறி வரவே நேரமாகும். உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக என்ன ஊட்டினீர்கள், எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.