வருபவர்களுக்குக் கோயில், இருப்பவர்களுக்கு?

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வருகிறதா என்று திருமுல்லைவாயில்காரர்கள் காலண்டரைப் பார்த்துவைத்துக் கொள்வார்கள். அந்த ஒரே நாளில் மூன்று அம்மன்களைத் தரிசித்தால் நினைத்தது கைகூடும் என்பது சென்னைப் பக்கத்து நம்பிக்கை. காலையில் மீஞ்சூர் அருகே மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். வரிசையில் கடைசி ஊராக இருப்பதுதான் திருமுல்லைவாயிலுக்கு வந்த வினை. பக்தர்களின் வேன்கள் வந்து சேரும் நேரத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்களும் டூவீலர்களும் சி.டி.எச். சாலையில், அதாவது சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையில், இறங்குகின்றன. அந்தச் சாலையை அகலப்படுத்தும் பேச்சு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிகள்தான் ஓடுவதில்லை.

சுற்றுலா என்றால் மெரினா, மாமல்லபுரம், ஊட்டி என்றுதான் நமக்கு நினைவு வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் ஊருக்கு ‘சீசன்’ இருந்துகொண்டே இருக்கிறது. குருப்பெயர்ச்சி என்றால் பாடி திருவலிதாயத்தில் கூட்டம். ஆடி என்றால் திருவேற்காடு. சென்னையைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்கள் என்று சொல்லப்படுபவற்றில் போரூர், மாங்காடு, கோவூர், குன்றத்தூர், பூந்தமல்லி எல்லாமே இந்தப் பக்கம்தான். கோடை விடுமுறையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூர் குயின்ஸ்லேண்டுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போகும். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டி.வி.யில் சேதி வந்தால் போதும், மதகைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். 2015 வெள்ளத்தில் அடிபட்ட அடையாற்றுக்கரைக்காரர்களுக்கு அதே சேதி வயிற்றில் புளியைக் கரைக்கும்.

திருவேற்காட்டில் ஆடி ஞாயிறு எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கருமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலத்தில் இருப்பவை. முதல் நாள் இரவே வேனும் மினி லாரியும் வந்து நின்றுவிடும். காலையில் கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கும். ஓட்டி வந்தவர் பொங்கல் வைக்கப் போயிருப்பார். எப்போது திரும்புவார் என்று அம்மனுக்குத்தான் தெரியும். அதனால் வாசலில் கல்லைப் போட்டுவைப்பது, பூந்தொட்டியை நகர்த்திவைப்பது, கேட்டில் ‘நோ பார்க்கிங்’ அட்டை மாட்டுவது என்று வீட்டுக்கு வீடு ஒரு தற்காப்பு. மளிகையை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்வதில்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டிய அவசரம் ஒன்று வந்துவிடக் கூடாதே என்பதுதான் வயதானவர்கள் இருக்கும் வீடுகளின் கவலை. திங்கட்கிழமை காலையில் வாழை இலை, வேப்பிலை, காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் மலையாகக் கிடக்கும். அள்ளுகிறவர்கள் அதே பழைய நகராட்சிப் பணியாளர்கள். கூட்டம் பெருகினாலும் அவர்கள் கைகள் இரண்டுதான்.

கூட்டத்தால் பிழைக்கிறவர்களும் இங்கேயேதான் இருக்கிறார்கள். மாங்காடு காமாட்சியம்மன் கோயிலில் ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. ஒருமுறை வந்தவர் இன்னும் ஐந்து வாரம் வந்தாக வேண்டும். பூக்காரம்மாவுக்கு வாடிக்கையாளர் முகம் மனப்பாடமாகிவிடும், எலுமிச்சை விலை ஏறினாலும் அவர் வாங்காமல் போகமாட்டார். ஆடியில் தொடங்கிப் பதினான்கு வாரம் திருவிழா நடக்கும் பெரியபாளையத்தில், சனி இரவு தங்க வருகிறவர்களுக்கு அறையும் தோப்பு நிழலும் வாடகைக்குக் கிடைக்கும். முடி எடுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு மாற்றம் வந்தது. 2021-இல் தமிழக அரசு கோயில்களில் மொட்டை போடுவதற்கான கட்டணத்தை ரத்து செய்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. சீசனை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மற்ற மாதங்களிலும் ஒரு பிடிமானம்.

ஆனால் லாபமும் தொல்லையும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை. பிரசாதக் கடை, வாகன நிறுத்தம், முடி காணிக்கை போன்ற பெரிய வருமானங்கள் ஏலத்திலோ குத்தகையிலோ போகின்றன. ஏலம் எடுப்பவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பூக்கடையில் நூறும் இருநூறும் சம்பாதிப்பவர் ஒரு பக்கம், குத்தகைதாரர் மறுபக்கம், இரண்டிலும் சேராமல் வண்டியை வெளியே எடுக்க முடியாத ஆசிரியரும் கம்பெனித் தொழிலாளியும் நடுவில்.

எல்லாக் கூட்டமும் எரிச்சல் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் சென்னை பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து 11 திருக்குடைகள் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் புறப்படும். வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருவள்ளூர் என்று அந்த ஊர்வலம் நகரும்போது இதே சி.டி.எச். சாலைதான் ஸ்தம்பிக்கிறது. ஆனால் வழி நெடுக வீடுகளுக்கு முன்னால் மோரும் பானகமும் சுண்டலும் எடுத்துவைத்துக்கொண்டு ஜனங்கள் நிற்பார்கள். குடை தங்கள் வாசல் வழியே போகிறது, அதில் தங்களுக்கும் பங்கு உண்டு. திருவேற்காட்டுத் தெருவில் முன்பின் தெரியாத கார் வாசலை மறிக்கும்போது இல்லாமல் போவது இந்தப் பங்குதான்.

பூந்தமல்லியின் கதை வேறு. அங்கே பலர் ஊருக்கு வருவதில்லை, ஊரைக் கடந்து போகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேலூர், ஆரணி, காஞ்சிபுரம், ஓசூர் பக்கம் போகும் சிறப்புப் பேருந்துகளைப் பல ஆண்டுகள் பூந்தமல்லியிலிருந்துதான் விட்டார்கள். சென்னை முழுக்க மூட்டை முடிச்சோடு அங்கே வந்து இறங்கிய அந்த மூன்று நாட்களில், பக்கத்துத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சட்டப்படி எழுதிவைக்கப்பட்ட சலுகை ஒன்று உண்டு. அது சுங்கச்சாவடியில். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் தமது சொந்தக் காருக்கு மாதாந்திர பாஸ் வாங்கலாம். 2025-26-இல் அதன் விலை 350 ரூபாய். பக்கத்தில் சர்வீஸ் சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தால் பாஸ் கிடையாது என்று அதே விதியில் ஒரு வாலும் இருக்கிறது. வானகரம், சூரப்பட்டு, நெமிலி, பரனூர், சென்னசமுத்திரம் ஆகிய ஐந்து சுங்கச்சாவடிகளை மாநகருக்கு மிக நெருக்கமாக இருப்பதாகச் சொல்லி எடுத்துவிட வேண்டும் என்று 2021-இல் சட்டமன்றத்திலேயே பேசப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் நான்கு சாவடிகளில் அதே ஆண்டு வசூல் நின்றது. அது மாநில அரசின் கையில் இருந்த சாலை. மேற்கே இருப்பவை மத்திய அரசின் கையில். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்தது. அது எங்கிருந்தோ வந்து போகிறவருக்கும் உண்டு, வானகரத்தில் வீடு வைத்திருப்பவருக்கும் உண்டு. உள்ளூர்க்காரர் என்பதற்காக அதில் தனியாக எதுவும் இல்லை.

மற்ற ஊர்களில் எப்படி? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. உள்ளூர் மக்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது. திருமலையில் உள்ளூர்வாசிகளுக்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தரிசனம் தரும் முறையைத் தேவஸ்தானம் 2024 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தது. ஆதாரைக் காட்டி டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த நாட்களில் பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் ஐந்து யூரோ வசூலிக்கத் தொடங்கியது. அங்கே குடியிருப்பவர்கள் கட்ட வேண்டியதில்லை. இந்த ஊர்களிலெல்லாம் ‘இது எங்கள் வீடும்கூட’ என்ற பேச்சு ஒரு விதியாக மாறியிருக்கிறது.

சென்னையின் மேற்கே அப்படி ஒரு விதி எழுத யாரிடம் போவது? அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. திருவேற்காடும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்ட நகராட்சிகள். மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம், ஆனால் காவல் நிலையம் ஆவடி கமிஷனரகத்தின் கீழ். கோயில் அறநிலையத் துறையிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தெருக் குப்பை நகராட்சியிடம். வாசலை மறித்து நிற்கும் காரைப் பற்றிப் புகார் சொல்லப் போனால் பாதி நாள் இப்படியே போய்விடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே உள்ளூர்க்காரர் யார்? ஆடி ஞாயிறு திருவேற்காட்டுக்கு வருகிற கூட்டத்தில் அம்பத்தூர்க்காரரும் ஆவடிக்காரரும் நிறையவே இருப்பார்கள். அன்று அவர்களைத் திட்டும் திருவேற்காட்டுக்காரர், வேண்டுதல் இருந்தால் ஆறு வாரம் மாங்காட்டுத் தெருவில் வண்டியை நிறுத்துவார். சாமி முன்னால் உள்ளூர், வெளியூர் என்று வரிசை பிரிப்பது சரியா என்ற கேள்வியும் நியாயமானதே. அதனால் தரிசன வரிசையைத் தொடாமல் தெருவிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். விழா நாட்களில் கோயிலைச் சுற்றிக் குடியிருப்போர் வண்டிகளுக்கு ஸ்டிக்கர், ஆம்புலன்சுக்கு மறிக்கப்படாத ஒரு வழி, வாகன நிறுத்த வருமானத்தில் ஒரு பங்கு அந்தத் தெருக்களின் குப்பைக்கும் கழிப்பறைக்கும். மூன்றுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. நகராட்சி, கோயில் நிர்வாகம், காவல்துறை மூவரும் ஆனி மாதமே உட்கார்ந்து பேசினால் போதும்.

பேசவைக்க ஓர் இடமும் இருக்கிறது. கிராமசபை போல நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் நடக்கத் தொடங்கின. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். தெருக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதினார்களா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.