இல்லத்தில் ஒலி – 14: ஒரு சப்வூஃபர் போதுமா?

ஒரே கூடத்தில், ஒரே திரையை நோக்கி, ஒருவருக்கொருவர் நான்கடி தூரத்தில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்த்து முடித்த இருவரில் ஒருவர், இடி முழங்கிய கட்டத்தில் நாற்காலியே அதிர்ந்தது என்று வியக்க, மற்றவர், அப்படி ஒன்றும் தமக்குக் கேட்கவில்லையே என்று சொல்வாரானால், அவ்விருவரில் எவர் செவியையும் குறை கூறவேண்டியதில்லை. இருவர் சொல்வதும் உண்மை. சப்வூஃபர் பழுதுபட்டுவிட்டது என்று முடிவுகட்டி, முன்னதைவிடப் பெரியதொரு பெட்டியை வாங்கிவந்து அதே மூலையில் வைப்பவர்கள் பலர். புதிய பெட்டி வந்தபின் முதலாமவருக்கு இடி இன்னும் பலமாக விழுகிறது. இரண்டாமவருக்கு வரவேண்டியது அப்போதும் வந்து சேர்வதில்லை. சென்ற வாரம் முன் ஸ்பீக்கர்களின் ஸ்தானத்தை ஆராய்ந்த நாம், இந்த வாரம் தாழ்ஸ்தாயி ஒலியை ஓர் அறையிலுள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வழி உண்டா என்னும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

காற்றில் சப்தம் வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் ஓரடியைச் சற்றே தாண்டும். 100 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய மூன்றரை மீட்டர். 40 ஹெர்ட்ஸில் எட்டரை மீட்டருக்கும் மேல். 20 ஹெர்ட்ஸிலோ 17 மீட்டர். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய ஒரு கூடத்தில் இத்தகைய அலை ஒன்று முழுமையாக விரிவதற்கே இடமில்லாமல், சுவரில் மோதித் திரும்பி, திரும்பிவரும் வழியில் தன்னைத் தொடர்ந்து வருகின்ற அலையோடு கலந்து, சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் ஒடுங்கியும் அசையாமல் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிக நூல்கள் நிலை அலை என்று கூறுவது இதைத்தான். மேற்சொன்ன கூடத்தில் நீளவாக்கில் முதல் நிலை அலை 34 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் 43 ஹெர்ட்ஸிலும், உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸிலும் எழும். அவற்றின் மடங்குகளிலும், இரு திசைகளும் மூன்று திசைகளும் சேரும் கூட்டுகளிலும் மேலும் பல எழும். 34 ஹெர்ட்ஸில் முன் சுவரும் பின் சுவரும் அழுத்தம் மிகுந்த எதிர்க்கணுக்கள். கூடத்தின் நட்டநடுவோ அழுத்தமே இல்லாத கணு. பின் சுவரை ஒட்டிய சோபாவில் சாய்ந்திருப்பவர் அந்த ஒலியில் மூழ்க, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தவருக்கு அது இல்லாமலே போவதன் காரணம் இதுவே. செவ்வகப் பெட்டிக்குள் காற்று அதிரும் விதத்தை ராலே பிரபு 1870களின் இறுதியில் வெளியிட்ட ஒலியியல் நூலிலேயே கணித ரீதியாக விவரித்திருக்கிறார். புதிதாக வந்தது அதைக் கூடத்துக்குள் கேட்கச் செய்யும் கருவிதான்.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. மரச் சட்டங்களின்மேல் ஜிப்சம் பலகை அறைந்து எழுப்பும் அமெரிக்க வீடுகளில் சுவரே சிறிது வளைந்துகொடுத்துத் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. செங்கல்லை அடுக்கி இருபுறமும் சிமெண்டு பூசி, மேலே கான்கிரீட் தளம் ஒட்டிய நம் அறைகளோ வந்த ஒலியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. சிறிய பெட்டிகூட இங்கே கணிசமான பேஸ் தருகிறதென்பது இதனால் வரும் லாபம். ஓங்கிய இடம் மிக ஓங்கியும், ஒடுங்கிய இடம் மிக ஒடுங்கியும், நின்றபின்னும் முழக்கம் ஓயாமல் நீண்டும் போவது நஷ்டம். திரைச்சீலையும் கம்பளமும் உச்ச ஸ்தாயியை அடக்குமே தவிர, 40 ஹெர்ட்ஸ் அலைக்கு அவை இருப்பதே தெரியாது.

செவியின் இயல்பும் இந்த ஏற்றத்தாழ்வைப் பெரிதாக்குகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட சம உரப்பு வரைகோடுகள் மத்திய ஸ்தாயியில் விலகி நின்று, தாழ்ஸ்தாயிக்கு வரவர ஒன்றையொன்று நெருங்குகின்றன. 1,000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் உயரவேண்டும். 40 ஹெர்ட்ஸில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த உயர்வே போதும். ஆகவே அளவுகருவியில் சிறு மேடாகத் தெரிவதும் செவிக்கு மலையாகிறது.

இதற்கு எல்லோரும் முதலில் நாடும் வைத்தியம் ஈக்வலைசர். மேடு எழும் அதிர்வெண்ணில் ஒலியை வெட்டிவிட்டால் போயிற்று என்ற எண்ணம் தனியொருவர் தனியோர் இருக்கையில் அமர்ந்து கேட்கும் அறைக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் பின் சோபாவுக்காக 34 ஹெர்ட்ஸை வெட்டினால் நடு நாற்காலிக்கு எஞ்சியிருந்த சிறிதும் போய்விடுகிறது. நடு நாற்காலிக்காக அதை உயர்த்தினாலோ, கணுவில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அங்கே அது சேராமல், ஆம்பிளிஃபயரும் கூம்பும் திணறுவதோடு பின் சோபாவில் இருப்பவர் எழுந்து ஓடும் நிலை வருகிறது. பெட்டிக்குள் செல்லும் சமிக்ஞையை மாற்றுவதால் இருக்கைக்கும் இருக்கைக்கும் உள்ள வேற்றுமை மாறாது. வீட்டில் அமைக்கும் தியேட்டர் குடும்பம் முழுவதற்குமானது என்று கருதும் நான், ஒருவருக்கு அமிர்தமும் மற்றவர்களுக்குச் சக்கையும் தரும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேற்றுமையை அதன் பிறப்பிடத்திலேயே அடக்கும் உபாயம் ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர்களில் இருக்கிறது. ஊஞ்சல் ஒன்றின் முன்னும் பின்னும் இருவர் நின்று, ஒரே கணத்தில், ஒரே பலத்தோடு எதிரெதிராகத் தள்ளினால் அது அசையாமல் நிற்கும் அல்லவா? 34 ஹெர்ட்ஸ் நிலை அலையில் முன் சுவரில் அழுத்தம் ஏறும்போது பின் சுவரில் இறங்குகிறது. ஆகவே முன் சுவரில் ஒரு பெட்டியும் பின் சுவரில் ஒரு பெட்டியும் ஒரே சமிக்ஞையை ஒரே கட்டத்தில் வெளியிட்டால், ஒன்று எழுப்ப முயலும் அலையை மற்றொன்று எழவொட்டாமல் தடுத்துவிடுகிறது. இது முதல் வழி. பெட்டியை அலையின் கணுவிலேயே வைத்துவிட்டால் அந்த அலையை அதனால் தூண்டவே இயலாது என்பது இரண்டாவது வழி. இவ்விரண்டையும் சேர்த்து, முன் சுவரின் நடுவில் ஒன்றும் பின் சுவரின் நடுவில் ஒன்றும் வைத்தால், நீளவாக்கின் 34 ஹெர்ட்ஸ் எதிர்ப்பினாலும் அகலவாக்கின் 43 ஹெர்ட்ஸ் இட விசேஷத்தாலும் ஒருங்கே அடங்குகின்றன. பக்கச் சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று சேர்த்து நான்காக்கினால், இரண்டாம் வரிசை அலைகளான 69 ஹெர்ட்ஸும் 86 ஹெர்ட்ஸும்கூட, ஒரு ஜோடி ஏற்றுவதை மறு ஜோடி இறக்குவதால் எழாமற்போகின்றன. பின் சுவரில் வாசலோ அலமாரியோ இருந்து அங்கே பெட்டி வைக்க வழியில்லாதவர்கள், முன் சுவரின் அகலத்தை நான்காகப் பகுத்து, இடமிருந்து ஒரு பங்கிலும் வலமிருந்து ஒரு பங்கிலும் இரண்டை வைக்கலாம். நீளவாக்கின் தொல்லை நீங்காவிட்டாலும் அகலவாக்கின் முதல் மூன்று அலைகளும் ஒழியும்.

எத்தனை பெட்டி போதும் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, ஹார்மன் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் டாட் வெல்டி, 2002-ல் மியூனிக் நகரில் கூடிய ஒலிப் பொறியியல் சங்கத்தின் 112-ஆவது மாநாட்டில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். கணிப்பொறியில் ஒரு செவ்வக அறையை உருவாக்கி, இருக்கைகளை அதன் நடுப்பகுதியில் அமைத்து, பெட்டிகளின் எண்ணிக்கையையும் ஸ்தானத்தையும் மாற்றி மாற்றி, இருக்கைக்கு இருக்கை ஒலி எவ்வளவு வேறுபடுகிறதென்று அவர் கணக்கிட்டதில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டே பெட்டிகள் பெரும்பயன் தருவதும், நான்கு சுவர்களின் நடுவிலோ நான்கு மூலைகளிலோ வைத்த நான்கு பெட்டிகள் மிகச் சிறப்பதும், நான்குக்கு மேல் எத்தனை கூட்டினாலும் சொல்லத்தக்க பலன் இல்லாததும் தெளிவாயின. மூலைகளில் வைத்த நான்கு, மிகத் தாழ்ந்த ஒலியை அதிக பலத்தோடும் தரும். அறைகள் எல்லாம் செவ்வகமாக இருப்பதில்லையாதலால், 2006-ல் வெல்டியும் ஆலன் டெவாண்டியரும் அச்சங்கத்தின் சஞ்சிகையில், ஒவ்வோர் இருக்கையிலும் அளந்த அளவைக் கொண்டு ஒவ்வொரு பெட்டியின் பலத்தையும் தாமதத்தையும் தனித்தனியே திருத்தும் முறையொன்றை விவரித்தனர்.

இதற்கு மாறானதொரு வழியைக் காட்டியவர் ஏர்ல் கெட்டிஸ். சிறிய அறைகளில் தாழ்ஸ்தாயியின் நடத்தையையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த அவர், சீரான ஒழுங்கில் அக்கறை காட்டாமல், மூன்று பெட்டிகளை ஒன்றுக்கொன்று தூரமாகவும் ஒழுங்கின்றியும் வைத்து, இயலுமானால் ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தவும் சொல்கிறார். தரையில் வைத்த பெட்டிகள் அனைத்தும் உயரவாக்கின் அலையை முழு பலத்தோடு தூண்டுகின்றன என்பதை நினைத்தால் அந்த உயர்த்தலின் நியாயம் விளங்கும். கூடமும் உணவறையும் சேர்ந்து, ஒருபக்கம் மாடிப்படிக்குத் திறந்து கிடக்கும் நம்மவர் வீடுகளுக்கு கெட்டிஸின் வழியும், நான்கு சுவரும் கதவுமாக அடைபட்ட தனியறைக்கு வெல்டியின் வழியும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே பெரிய பெட்டிக்கு ஒதுக்கிய தொகையில் நடுத்தரமான இரண்டை வாங்குவதே விவேகம் என்று தயக்கமின்றிக் கூறுவேன். இரண்டும் ஒரே கட்டத்தில் சேருமிடத்தில் ஒலி 6 டெசிபல் வரை உயர்வதால், ஒவ்வொன்றும் தன் சக்தியின் எல்லையைத் தொடாமல் நிதானமாக உழைக்கிறது. ஆயினும் 35 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் பெட்டியோடு அதேபோன்ற இன்னொன்றைச் சேர்ப்பதால் 20 ஹெர்ட்ஸ் பிறந்துவிடாது. ஆகவே மிக மலிவானவற்றை நான்காக அடுக்குவதைவிட, தாழ இறங்கவல்ல ஒன்றை வாங்கி, பின்னர் வசதி வரும்போது அதே மாடலில் மற்றொன்றைச் சேர்ப்பது மேல். துளையுள்ள பெட்டியையும் மூடிய பெட்டியையும் கலந்தால், துளை இயங்கும் அதிர்வெண்ணை ஒட்டி இரண்டின் கட்டமும் முரண்பட்டு, சேர்ந்ததால் குறைந்தது என்ற விபரீதம் நேரலாம்.

ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் இடையே கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று செவி எளிதில் கண்டுகொள்வதில்லையாதலால், முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருப்பது தெரியாது. இரு பெட்டிகளுக்கும் இயன்றவரை ஒரே மின்சுற்றிலிருந்து இணைப்புக் கொடுப்பது, எர்த் வழியே நுழையும் ஹம் ஓசையைத் தவிர்க்கும்.

முதல் பெட்டிக்கு இடம் தேடப் பழைய உபாயம் ஒன்று உண்டு. பெட்டியை நாம் அமரும் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, பெட்டி வைக்கத்தக்க இடங்களிலெல்லாம் தரையோடு குனிந்து சென்று கேட்டு, எங்கே ஒலி சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியை வைப்பது. ஒலி பிறக்குமிடத்தையும் கேட்குமிடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பலன் மாறாதென்னும் பரஸ்பர நியதி இதற்கு ஆதாரம். இரண்டாவது பெட்டி வந்தபின் இந்த உபாயம் செல்லாது. அளவு எடுத்தே ஆகவேண்டும். கணினியில் சொருகும் அளவு மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு என்ற மென்பொருளும் அதற்குப் போதும்.

அளவெடுக்கும்போது ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. ரிசீவரின் தானியங்கித் திருத்தம், முன் பெட்டியின் ஒலியும் பின் பெட்டியின் ஒலியும் முக்கிய இருக்கைக்கு ஒரே கணத்தில் வந்துசேரும்படி அருகிலுள்ளதைத் தாமதப்படுத்திவிடும். இருக்கை ஒரு பெட்டிக்கு மற்றதைவிட 2 மீட்டர் அருகில் இருந்தால் அத்தாமதம் 6 மில்லி வினாடி. 34 ஹெர்ட்ஸில் அது ஒரு சுழற்சியின் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு விலகினால் இரு பெட்டிகளின் எதிர்ப்பு தளர்ந்து, அடங்கியிருந்த நிலை அலை மீண்டும் தலைதூக்கும். ஆகவே சுவர்களின் நடுவில் ஒழுங்காக வைத்தவர்கள், இரு பெட்டிகளுக்கும் ஒரே தூரத்தையும் ஒரே பலத்தையும் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, ஒவ்வோர் இருக்கையிலும் தலை இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து அளந்து, வரும் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். கோடுகள் நெருங்கி ஓடத் தொடங்கிய பிறகே ஈக்வலைசரைத் தொடலாம். அப்போது அது வெட்டும் மேடு எல்லா இருக்கைக்கும் பொதுவான மேடாக இருக்கும்.