அறுபத்து நான்கில் ஒரு பங்கு

பழைய பாய்மரக் கப்பலுக்கு மரத்தில் மாதிரி செய்யும் வேலை அதன் வரைபடத்தில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களின் வரைபடங்களைப் பாதுகாத்து வைத்ததால், 200 ஆண்டுக்கு முந்தைய கப்பலின் வளைவுகளையும் இன்று பிசகாமல் வடிக்க முடிகிறது. 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1782-இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர் பெற்ற இக்கப்பல், பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. இதன் வரைபடங்களை முதலில் ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை 1812-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்களின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்தியது. மறுபிரதி வந்த பிறகே கட்டுமானம் நடந்தது. இன்று இக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. வரைபடத்தில் ஐயம் எழுந்தால் கப்பலையே நேரில் பார்த்துக்கொள்ளலாம். மாதிரி செய்பவருக்கு அரிதாகவே வாய்க்கும் நல்வாய்ப்பு இது.

அடுத்தது அளவு விகிதம். ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறைக்கும் 1:48 பழைய கடற்படை மாதிரிகளில் வழங்கிவந்த அளவு. வீட்டில் செய்வோர் பலர் 1:64-ஐ விரும்புவார்கள். டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். இந்த விகிதத்தில் அது 71 சென்டிமீட்டராகும். 40 அடி அகலம் 19 சென்டிமீட்டராகும்.

தேக்குக் கப்பலின் மாதிரியைத் தேக்கில் செய்வதில்லை. தேக்கின் துளைகளும் ரேகைகளும் விகிதத்துக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. சிறிய உடலில் அவை பூதாகரமாகத் தெரியும். அதனால் இழை நெருக்கமான பேரி மரமும் பாக்ஸ்வுட் மரமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நூல், ஆணி, வண்ணப்பூச்சின் தடிமன் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒன்று மட்டும் பெரிதாக நின்றாலும் மாதிரி பொம்மையாகிவிடும்.

உடல் கட்டுவதில் பரவலான முறை, ஏரா எனப்படும் அடிமரத்தின் மீது குறுக்குப் பலகைகளை நிறுத்துவது. அவற்றின் விளிம்புகளைக் கப்பலின் வளைவுக்கேற்ப இழைத்த பின், மெல்லிய சட்டம் ஒன்றை முன்னும் பின்னுமாக வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் எங்கும் துருத்தாமல், பள்ளத்தில் விழாமல் படிந்தால்தான் மேற்பலகை பதிக்கலாம். இந்தச் சோதனையில் அவசரப்பட்டால் பின்னால் எந்த மெழுகும் அதை மறைக்காது. இன்னும் கடினமான வழி, அசல் கப்பலைப் போலவே வங்குகள் எனப்படும் விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செய்து நிறுத்துவது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் கடற்படை மாதிரிகளில் அடிப்பகுதியைப் பலகையால் மூடாமல் விட்டு இந்த வங்குகளைக் கண்ணுக்குக் காட்டினார்கள். கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம்.

பலகை பதிப்பதே கைத்திறனின் உரைகல். கப்பலின் நடுவயிற்றுச் சுற்றளவு அதிகம், முன்முனையான அணியத்தில் குறைவு. எனவே ஒவ்வொரு பலகையும் அணியத்தை நோக்கிக் குறுகிச் செல்ல வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக நேர்ந்தால் இரு பலகைகளை ஒன்றாக முடிப்பார்கள். பின்முனையான அமரத்தின் அடியில் இடைவெளி விரிவதால் அங்கே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக நேரும். பலகையை நீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, இடப்புறம் ஒன்று வலப்புறம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டுவது வழக்கம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டால் ஏரா கோணிவிடும்.

தளப் பலகைகளுக்கிடையே நீர் புகாதபடி கலப்பத்து அடித்துத் தார் ஊற்றிய கோடுகளைக் காட்ட, பலகை விளிம்பில் பென்சில் தீட்டுவதே போதும். நீர்மட்டத்துக்குக் கீழே, மரம் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்கச் செப்புத் தகடு அடித்தார்கள். 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் கொண்ட தகடு 1:64-இல் 19 மில்லிமீட்டருக்கு 5.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். தகடுகள் அமரத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிப் பதிக்கப்படும். முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறி நிற்பதால் ஓடும் நீர் விளிம்பைப் பெயர்க்காது.

பாய்மரத்தை எடுத்த எடுப்பில் உருட்டுவதில்லை. சதுரக் கட்டையை எட்டுப் பட்டையாக்கி, பதினாறாக்கி, பிறகே உருண்டையாக்குவார்கள். அதன் பின் பாய் தொங்கும் குறுக்குக் கம்பங்களான பருமல்களும் கயிறுகளும். மரத்தை நிலையாகப் பிடிக்கும் கயிறுகள் தார் பூசிய கருமை. பாயை ஏற்றி இறக்குபவை வெளிர்நிறம். கடைநூல் பொருந்தாதபோது, சிறு கருவியில் மூன்று இழைகளை எதிர்த்திசையில் முறுக்கித் தாங்களே கயிறு திரிப்பார்கள். மாலுமிகள் ஏறும் கயிற்றுப் படிகள் இம்மாதிரியில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு ஒன்று விழும்; ஒவ்வொரு சந்திப்பிலும் தனி முடிச்சு. பலரும் பாயே கட்டாமல் விடுவதற்குக் காரணம், இந்த வேலைப்பாட்டைத் துணி மறைத்துவிடும் என்பதுதான்.

முடிந்த மாதிரியை வெயில் படாத இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நூலில் படிந்த தூசியைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு. மூன்று பாய்மரப் போர்க்கப்பலை முதல் முயற்சியாக எடுப்பவர்களில் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். கற்கத் தொடங்குபவர் ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை முதலில் முழுதாக முடிப்பது நல்லது.