பழைய லோரி வாங்குமுன் ரேடியேட்டரைப் பாருங்கள்

சிகாமட் பக்கம் செம்பனைக் குலை ஏற்ற சொந்தமாக ஒரு லோரி இருந்தால் நல்லது என்று எண்ணாத குடும்பம் குறைவு. புதியது கட்டுப்படியாகாது. ஆகவே நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, பழைய டீசல் வண்டியைத் தேடிப் போகிறீர்கள். டயரைத் தட்டிப் பார்ப்பீர்கள். சாயத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

உள்ளே பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி எண்ணெய்க் கூலர் அல்லது சிலிண்டர் ஹெட் காஸ்கெட். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம். கூலர் ஓட்டையானால் எண்ணெய் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கலாம். அப்படி இறங்கினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தால் காஸ்கெட் அல்லது ஹெட் மேல் சந்தேகப்படலாம்.

எண்ணெய் அளவுக் கோலையும் உருவிப் பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: வண்டி வெள்ளத்தில் நின்றதா? 2006 டிசம்பர், 2011, 2023 வெள்ளங்களை சிகாமட் மக்கள் மறக்கமாட்டார்கள். மூழ்கிய வண்டியின் எண்ணெயிலும் தண்ணீர் சேரும். ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே சேறு அடைந்து சூடு ஏறும்.

விற்பவர் பழைய தண்ணீரை வடித்துப் புதுப் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஆகவே ஓட்டிப் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி பாருங்கள். ரப்பர் குழாயை அமுக்குங்கள். எண்ணெயில் ஊறியது உப்பி மெத்தென்றிருக்கும். அதை மறைக்க முடியாது!

வாங்கியே விட்டீர்களா? முதலில் ஓட்டையை அடையுங்கள், பிறகுதான் கழுவல். மாற்றிச் செய்தால் கூலி வீண். எண்ணெய் நீக்கும் ரேடியேட்டர் மருந்தை ஊற்றிச் சூடேற்றி, வடித்து, தெளிந்த நீர் வரும்வரை பலமுறை அலச வேண்டும். துணி சோப்புத் தூள் நுரைத்துத் தொல்லை தரும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். டீசலை ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு. ரப்பரைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு, வேண்டவே வேண்டாம். ஊறிய குழாய்களையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றுங்கள். எண்ணெயையும் பில்டரையும் மறக்காதீர்கள்.

"நம் நாட்டில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு?" என்பார்கள். பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் உறையின் வெளிப்புறம் நேரே தண்ணீரில் நிற்கிறது. உறை அதிர, நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பில் ஊசித்துளை போடும். கூலன்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது, துருவையும் தடுக்கிறது. ஆற்று நீர், கிணற்று நீர் ஊற்றினால் உப்பும் சேறும் படியும். எஞ்சின் கையேட்டில் சொன்ன வகையைச் சுத்த நீருடன் கலந்து ஊற்றுங்கள்.

வடித்த பச்சை நீர் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், இனிக்கும் நஞ்சு. நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும். கால்வாயில் கொட்டாமல் மூடியுள்ள டின்னில் வையுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்கும் பட்டறையிடமே கொடுங்கள்.