அப்பன் ரிப்பனும் ஆரணித் தறிவீடும்

‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று நூறு வருஷங்களுக்கும் முன்பே சென்னை மாகாணத்தில் சொல்லிக்கொண்டார்கள். வெறும் எதுகை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. அப்பன் என்று அழைக்கும்போதே ஆளப்படுகிறவன் பிள்ளையாகிவிடுகிறான்.

அந்த அப்பன் யார்? ஜார்ஜ் ராபின்சன், 1827-இல் லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில் பிறந்தவர். தகப்பனார் அப்போது பிரதமர். பிரபு வீட்டுப் பிள்ளையாக இருந்தும் இளமையில் கிறிஸ்தவ சோசலிஸ்டுகளோடு சேர்ந்தார். 1852-இல் எந்திரத் தொழிலாளர்கள் கதவடைப்புக்கு ஆளானபோது அவர்கள் பக்கம் நின்றார். பிறகு நாடாளுமன்றம், மந்திரி பதவி. 1874-இல் கத்தோலிக்கராக மாறினார். அரசியல் வாழ்வு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 1880-இல் வைஸ்ராயாக இங்கே வந்தார்.

இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில்தான் நீக்கப்பட்டது. 1882 மே மாதத்து உள்ளாட்சித் தீர்மானம், நிர்வாகச் சீர்மையைவிட மக்களின் அரசியல் கல்வியே முக்கியம் என்றது. சென்னையில் 1913-இல் திறந்த மாநகராட்சி மாளிகைக்கு அவர் பெயர் வந்தது இதனால்தான். இவை சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் நான் ஆரணியில் தறிவீட்டில் வளர்ந்தவன். எனக்கு 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வழியாகத்தான் ரிப்பனைப் படிக்க முடிகிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் என்றது அது. எங்கே? எந்திர விசையால் ஓடி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில். பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் இதன் பின்னால் இருந்தது. 1882-இல் அதே லங்காஷயர் துணிக்கு இறக்குமதி வரியும் போயிற்று.

குழித்தறிக்கு எந்திரம் ஏது? நூறு பேர் ஏது? அப்பா நெய்வார், அம்மா பட்டு இழைப்பார், பிள்ளை தார் சுற்றும். கூலி அப்பா பெயரில் வரும். சின்ன வயதில் நான் வேலை செய்தேனா என்று அத்தையிடம் கேட்டேன். “வேலையா? அப்பாவுக்கு ஒத்தாசைதானேடா செஞ்சே!” என்றார்.

இந்த ‘ஒத்தாசை’யைத்தான் சட்டமும் பேசுகிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் நெசவு இருந்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் இருந்தது. 2016-இல் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதே பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. அப்போதும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை ‘உதவலாம்’ என்ற வாசல் திறந்தே கிடந்தது.

ரிப்பன் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. மனசார நம்பியவர் அவர். அவருடைய தாராளவாதம் ஆலையைப் பொது இடமாகவும் வீட்டை அப்பனின் எல்லையாகவும் பிரித்து வைத்தது. ஆலையில் உழைப்பு என்று பெயர் பெறுவது வீட்டுக்குள் பாசமாகிவிடுகிறது. அந்தப் பாசத்தின் கணக்கில், வாசலுக்கு வெளியே நிற்கும் பட்டு முதலாளிக்குப் பிள்ளையின் உழைப்பு இலவசமாகப் போய்ச் சேர்கிறது.

நெசவாளர் கூலி பற்றிப் பேசும் நம் தோழர்கள் ஒரு புடவைக்கு எத்தனை கைகள் என்று முதலில் எண்ண வேண்டும். தார் சுற்றிய கையையும் சேர்த்துத்தான்.