வளையலை அடகு வைக்க வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்த நேரம் ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேகாலைப் பக்கத்தவர்தான். மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள்.

"மவ்லவி, மகளுக்கு ஆராய்ச்சி செய்யப் பெரிய கம்பியூட்டர் ஒன்று வேணுமாம். லட்சக்கணக்கில் விலை சொல்றாங்க. இந்த வளையல் ரெண்டையும் அடகு வைக்கட்டா?" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அடகுக் கடையில் வட்டி, வட்டி ஹராம். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதனால் பிள்ளையின் தேவை தீர்ந்துவிடாதே! "மகள் லீவில் வந்தால் கூட்டி வாருங்கள்" என்றேன்.

மகள் வந்தாள். அவளுடைய ஆராய்ச்சி மழையைப் பற்றியது. அரநாயக்கவை நம்மில் மறந்தவர் யார்? 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. மாண்டவர்களும் காணாமற் போனவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாடு எங்கும் மண் சரிந்தது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள், 100 ஆனால் ஆயத்தமாகுங்கள், 150ஐத் தாண்டினால் வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். பெய்த மழையை மானியால் அளக்கலாம். பெய்யப் போவதை எப்படி அறிவது? அதற்குத்தான் கணக்கு.

நாட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி மாறும் என்று கணிக்கிறார்கள். சதுரத்தின் பக்கம் 10 கிலோமீற்றர் என்றால் இந்த மலையும் அடுத்த மலையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். நம்மூரில் ஒரு மலையில் கொட்டும், அடுத்ததில் வெயிலடிக்கும்! எனவே 5 கிலோமீற்றராகச் சிறுக்க வேண்டும். அப்போது சதுரங்கள் நான்கு மடங்கு. நேரத்தையும் பாதி பாதியாக நறுக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்கு. இன்னும் ஒரு முறை பாதியாக்கினால் 64 மடங்கு. வீட்டுக் கணினி இதற்குத் தாங்காது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தவர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் பிரதி தொலைந்து, பல மாதம் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. ஆறு மணி நேர வானிலையைக் கணக்கிட அவருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று, விடையும் பிழை! 1922இல் வெளிவந்த நூலில், 64,000 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கணக்குப் போடுவதாகக் கற்பனை செய்தார். இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் உயர்வேக சேர்வர்கள் அந்த மண்டபம்தான். ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்கின்றன.

அந்தத் தாய்க்கு இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது பள்ளிவாசல் சட்டி. வலீமாவுக்குச் சமைக்க வீட்டுக்கு வீடு பெரிய சட்டி வாங்குகிறோமா? பள்ளியில் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு எடுக்கிறோம், கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். சேர்வரும் அப்படியே. கடுகண்ணாவை ஏறினால் வரும் பேராதனையில், கணினிப் பொறியியல் துறை ஆராய்ச்சிக்கென்றே இத்தகைய சேர்வர்கள் வைத்திருக்கிறது. வேறு பல்கலைக்கழகங்களிலும் உண்டு. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் விரிவுரையாளர் மூலம் கேட்டால் மாணவருக்குக் கணக்கொன்று திறந்து கொடுப்பார்கள்.

பிறகு கையில் சாதாரண லப்டொப் போதும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், இத்தனை கணிப்பான், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதி வரிசையில் விட வேண்டும். ஸ்லர்ம் என்ற மென்பொருள் பல இடங்களில் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. விட்ட பிறகு நம் வீட்டில் கரண்ட் போனாலும் சிக்னல் அறுந்தாலும் அங்கே வேலை நடக்கும். எழுத்து மட்டும் போய் வருவதால் டேட்டாவும் அதிகம் செலவாகாது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

பிறர் காத்திருக்கத் தேவைக்கு மேல் கேட்டு வைப்பது கூடாது. கடவுச்சொல்லை உயிர்த் தோழிக்கும் கொடுக்கக் கூடாது. முடிவுகளை உடனுக்குடன் தன்னிடம் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் போதாதபோது பழையதை அழித்துவிடுவார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று. "வீட்டிலிருந்தே செய்யலாமாமே, இனிக் கெம்பஸ் எதற்கு?" என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். விடை பிழைத்தால் ஏன் என்று சேர்வர் சொல்லித் தராது. விரிவுரையாளரும் கூடப் படிப்பவர்களும்தான் சொல்வார்கள். அந்தத் தாயும் இதைத்தான் கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்! "அனுப்பத்தான் வேண்டும்" என்றேன்.

மகளுக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. முதல் வேலைக்கு நினைவகம் குறைவாகக் கேட்டதால் பாதியில் நின்றுபோனதாம். திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறாள். நேற்றுக் கேட்டபோது, "இன்னும் வரிசையில்தான் மவ்லவி, எனக்கு முன்னால் ஏழு பேர்" என்றாள்.